கோடையில் கோழிக்குக் குளிர்ந்த தண்ணீர்

கத்திரி வெயில் மதியத்தில் கோழி வாயைத் திறந்து, இறக்கையை விரித்துக்கொண்டு இரைக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்கு வியர்ப்பது கிடையாது. மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்படி இரைக்கும்போது உடம்பிலுள்ள நீர் ஆவியாகிக் குறைகிறது. அதை ஈடுகட்டத் தண்ணீர் வேண்டும். ஆனால் வெயிலில் சுட்டுப்போன தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது. தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், முட்டை குறையும். கடும் வெயிலில் சாவும் வரும்.

இதற்கு என்ன செய்யலாம்? தகர டப்பாவைவிட மண்சட்டி நல்லது. அதை நிழலில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றுங்கள். 100 முட்டைக் கோழிகளுக்குச் சாதாரண நாளில் 20 முதல் 25 லிட்டர் ஆகும். கோடையில் இருமடங்கு தயாராக இருக்கட்டும். தீனியை அதிகாலையிலும் மாலையிலும் போடுங்கள். சட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஜில்லென்று இருந்தால் கோழியும் விரும்பிக் குடிக்கும்.