பெண்மணிக்கு ஏற்ற துப்பாக்கி

மரக்காணத்து உப்பளங்களை இருட்டில் பார்த்தவர்கள் சிலரே. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டாரில் விரைகிறவர்கள், பகல் வெயிலில் கண்ணைப் பறிக்கும் உப்புக் குவியல்களைக் கண்டு, "ஆஹா!" என்று வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் வேலை முடிய வேண்டுமென்று விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வரப்புகளின் மேல் நடந்து செல்லும் பெண்களை அவர்கள் கண்டதில்லை. தை பிறந்து உப்புக் காலம் தொடங்கினால், மழை வந்து பாத்திகளைக் கரைக்கும் வரையில் இந்த நடைதான்.

அப்படி நடக்கும் பெண்களில் ஒருத்தி, பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது ஓர் உப்பளத்தில் கூலிக் கணக்கு எழுதுகிறாள். கணவன் கடல் கடந்து வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். சனிக்கிழமை தோறும் கூலிப் பணத்தைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு சாலையிலிருந்து அளம் வரையில் நடப்பதும், பட்டுவாடா முடிந்து பொழுது சாய்ந்தபின் திரும்புவதும் அவள் வேலை. சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், பெண்களுக்கென்றே சர்க்காரில் ஒரு துப்பாக்கி செய்கிறார்களாமே? அது எப்படிப்பட்டது, எது எனக்குச் சரியாக இருக்கும் என்று நீங்கள்தான் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றாள்.

சிரித்துவிட இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு சனிக்கிழமைகளாக அவள் பின்னால் வந்திருக்கிறது.

துப்பாக்கி விஷயத்தில் என் அநுபவம் சொற்பம். கல்லூரியில் என்.ஸி.ஸி. படையில் சேர்ந்து, குப்புறப் படுத்துக்கொண்டு .22 ரைபிளால் ஐந்து தோட்டாக்கள் சுட்டதுண்டு. அவற்றில் இரண்டுதான் அட்டையில் பட்டன. மற்ற மூன்றும் எங்கே போயின என்பது இன்று வரையில் எனக்குத் தெரியாது. ஆயினும் கேட்டவள் என் மாணவி. "தெரியாது" என்று ஓர் உபாத்தியாயினி சொல்லலாம். "தெரிந்துகொள்ள மாட்டேன்" என்று சொல்லலாகாது. ஆகவே படித்தேன். படித்ததை நேயர்களுக்கும் சொல்கிறேன். நம் வீட்டுப் பெண்களும் இதே கேள்வியை ஒரு நாள் கேட்கக் கூடுமல்லவா?

உப்புக்கும் துப்பாக்கிக்கும் நம் தேச சரித்திரத்தில் ஒரு சம்பந்தம் உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், 1878-ஆம் ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியது. 1930 ஜனவரியில் காந்தியடிகள் ஆங்கில அரசாங்கத்தின் முன் பதினொரு கோரிக்கைகளை வைத்தார். உப்பு வரியை ஒழிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள, ஜனங்களின் கண்காணிப்புக்கு உட்பட்டு, லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பது மற்றொன்று. அஹிம்சையையே உயிராகக் கொண்ட மகானின் கோரிக்கை அது! 1931-இல் கராச்சிக் காங்கிரஸின் உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமை இடம் பெற்றது. ஆனால் சுதந்திரம் வந்தபின், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. உப்பு வரி போயிற்று; துப்பாக்கி லைசென்ஸ் நிலைத்தது. இப்போது நம்மை ஆளுவது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 2016-ஆம் வருஷத்து விதிகளும்.

இனி, என் மாணவி கேட்ட துப்பாக்கி. 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு டில்லியில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. அவளை ஜனங்கள் 'நிர்பயா' என்று அழைத்தார்கள். பயமற்றவள் என்பது பொருள். 2014 ஜனவரியில் கான்பூர் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை அதே பொருள் தரும் 'நிர்பீக்' என்ற பெயரில் பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. துளையளவு .32 அங்குலம், ஆறு தோட்டாக்கள் கொள்ளும், எடை சுமார் 500 கிராம், நகைப் பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். விலை 1,22,360 ரூபாய். அளத்தில் உப்புக் கூடை சுமக்கும் பெண்ணின் ஓராண்டுக் கூலியைக் காட்டிலும் அது அதிகம். ஆபத்து அதிகமாயுள்ள பெண்ணுக்கும் அந்த நகைப் பெட்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதே காலத்தில் வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலை, .22 துளையளவில் 250 கிராம் எடையுள்ள 'நிடர்' என்ற சிறிய ரிவால்வரை இதைவிடக் குறைந்த விலைக்குச் செய்தது.

இலேசானதுதானே பெண்ணுக்கு ஏற்றது என்று தோன்றும். இங்கேதான் நியூட்டனின் மூன்றாம் விதி குறுக்கே வருகிறது. தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடை பாதியானால், அது பின்னோக்கி வரும் வேகம் இருமடங்காகிறது. ஆகவே சுமப்பதற்குச் சுகமான துப்பாக்கி, சுடுவதற்குச் சுகமானதன்று. உதை பலமாயிருந்தால் பழகுவதற்கே மனம் வராது. பழகாதவள் கையில் அது வெறும் பாரம். .22 தோட்டாவின் உதை குறைவு. அதற்கேற்ப அதன் வேகமும் வலிமையும் குறைவு. .38, 9 மில்லிமீட்டர் போன்ற பெரிய துளைகள் நம் தேசத்தில் சாதாரணப் பிரஜைகளுக்கு விலக்கப்பட்டவை.

ரிவால்வரா, பிஸ்டலா என்பது அடுத்த கேள்வி. பிஸ்டலில் மேல் சட்டத்தைப் பின்னே இழுத்து முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும். அதற்கு விரல்களில் பலமும் பழக்கமும் வேண்டும். தோட்டா சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கவும் தெரிய வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. விசையை இழுத்தால் போதும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். ஆனால் அந்த விசை கடினமானது. கை பெரியதாக இல்லாவிட்டால் சுட்டுவிரல் எட்டாது. எனவே துப்பாக்கியைக் கையில் பிடித்து, விரலின் முதல் கணு விசையில் இயல்பாகப் படுகிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. பிறர் பரிசாக வாங்கித் தரும் துப்பாக்கி, பிறர் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரிதான்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு விஷயம் உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். சைக்கிள் சங்கிலியும் ஜன்னல் கம்பியும் மரக்காணத்தில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடுப்பு வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் எஃகுத் துப்பாக்கியை வாரந்தோறும் துடைத்து எண்ணெய் இட்டாக வேண்டும்.

பிறகு, எங்கே வைத்துக்கொள்வது? வெளியில் தெரியும்படி எடுத்துச் செல்வதைச் சட்டமே அநுமதிப்பதில்லை. உறையிலிட்டு, முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அயல் நாட்டுப் புத்தகங்கள் இடுப்பு வாரைப் பற்றி எழுதுகின்றன. புடவை கட்டுகிறவளுக்கு வார் ஏது? கைப்பையில் வைத்தால், பையைப் பறிப்பவன் துப்பாக்கியையும் பறித்துக்கொண்டு போவான். பையில்தான் வைப்பதென்றால் அதற்குத் தனி அறை வேண்டும். விசையை மூடும் உறை வேண்டும். சாவிக் கொத்தும் சில்லறையும் அங்கே கிடக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள்.

இவ்வளவையும் நான் சொன்னதும், "அப்படியானால் ஆபத்து நேரத்தில் எடுப்பதற்கு எத்தனை நேரம் ஆகும், டீச்சர்?" என்று கேட்டாள். கணக்கு மாணவி அல்லவா!

1983-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ட்யூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் இதே கேள்விக்கு விடை கண்டார். 21 அடி தூரத்தில் நிற்கும் ஒருவன் ஓடி வந்து நம்மேல் விழுவதற்குச் சுமார் ஒன்றரை விநாடியே ஆகிறது என்பது அவர் அளந்து கண்ட முடிவு. நாங்களும் அளந்து பார்த்தோம். மறுநாள் மாலை பள்ளி மைதானத்தில் ஏழு கஜம் அளந்து கோடு கிழித்தேன். அவள் துணிப்பையில் ஒரு மர ரூல் தடியை வைத்துக் கொண்டாள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடி வர வேண்டும். அவன் தொடுவதற்குள் அவள் தடியை எடுத்து நீட்ட வேண்டும். பத்து முறை செய்தோம். ஒரே ஒரு முறைதான் அவள் வென்றாள். அதுவும் பையன் கால் இடறியதால். இத்தனைக்கும் அவன் வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். வெளிச்சமும் இருந்தது.

அப்போது நான் வீணா தாஸைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 1932 பிப்ரவரி 6-ஆம் தேதி, கல்கத்தா சர்வகலாசாலைப் பட்டமளிப்பு மண்டபத்தில், கவர்னர் ஸ்டான்லி ஜாக்ஸனை நோக்கி அந்த இளம் பட்டதாரிப் பெண் ஐந்து முறை சுட்டாள். ஒன்றும் அவர்மேல் படவில்லை. அவளுக்கு ஒன்பது வருஷச் சிறைவாசம் கிடைத்தது. தைரியத்தில் குறைவா? இல்லவே இல்லை. பயிற்சி வேறு, தைரியம் வேறு. 1943-இல் சிங்கப்பூரில் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த மலேயாத் தமிழ்ப் பெண்களை, காப்டன் லக்ஷ்மி துப்பாக்கியைக் கொடுத்த அன்றே போர்முனைக்கு அனுப்பிவிடவில்லை. மாதக் கணக்கில் பழக்கினார்கள். தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பயிற்சியை யார் தருவது?

சட்டமும் பயிற்சியைக் கேட்கிறது. விண்ணப்பிப்பவளுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜில்லா கலெக்டரிடம் மனுக் கொடுத்து, தகுந்த காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. வைத்திய சர்டிபிகேட் உண்டு. துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்குச் சான்றும் உண்டு. தேர்தல் வந்தால் பொதுவாக ஆயுதத்தைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

சுடுவதற்கு உரிமை எப்போது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதை, உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சம், கற்பழிப்பு, கடத்தல், அமிலம் வீச்சு முதலிய ஆபத்துகளில் எதிராளியின் உயிரைப் போக்கும் அளவுக்குத் தற்காப்பை அநுமதிக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது. விளக்கணைத்துப் பின்னால் வந்த ஒரே குற்றத்துக்காக ஒருவனைச் சுட முடியாது. சுட்டபின் அவன் ஒன்றுமறியாத வழிப்போக்கன் என்று தெரிந்தால், அந்தத் தோட்டாவை யாராலும் திரும்ப அழைக்க முடியாது.

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, டீச்சர்?"

"வேண்டாம் என்று சொல்ல நான் யாரம்மா? பயப்படுகிறவள் நீ. ஆனால் அந்த நடைக்கு நீ தனியாகப் போக வேண்டியது ஏன் என்று முதலில் கேட்போம்" என்றேன்.

கேட்டோம். அளத்துக்காரரிடம் இருவருமாகப் போனோம். முதலில், "இத்தனை வருஷமாக இப்படித்தானே நடக்கிறது?" என்றார். பையன் ஓடிய கதையை அவள் சொன்னாள். அவருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சிறிது நேரம் பேசவில்லை. இப்போது கூலி சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, சாலையோரக் கொட்டகையில் பட்டுவாடா ஆகிறது. பாங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு அதிலேயே போய்விடுகிறது. மோட்டார் சைக்கிளைப் பற்றிப் போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கினோம். 112, 181 என்ற இரண்டு எண்களையும் அளத்துப் பெண்கள் அனைவரும் தங்கள் டெலிபோனில் பதித்துக் கொண்டார்கள். லைசென்ஸ் வேண்டாத மிளகுத் தூள் பீச்சியை அவள் வாங்கி, பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருக்கிறாள்.

இத்துடன் ஆபத்து தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மோட்டார் சைக்கிள் யாருடையது என்பது இன்னும் தெரியவில்லை. துப்பாக்கி லைசென்ஸ் மனுவின் நகலை அவள் தன் கணக்குப் புத்தகத்தினுள் மடித்து வைத்திருக்கிறாள். என்றேனும் அதைப் பூர்த்தி செய்ய வேண்டுமென்று அவள் தீர்மானித்தால், பயிற்சி பெறுவதற்கு அவளுடன் நானும் போவதாக வாக்களித்திருக்கிறேன். காணாமற்போன என் மூன்று தோட்டாக்களுக்கும் அப்போது ஒரு வழி பிறக்கலாம்.

சென்ற வாரம் அவர்களுடன் விடியற்காலை நடந்து பார்த்தேன். முன்பு இருவரும் மூவருமாகப் போனவர்கள் இப்போது பதினான்கு பேர் ஒன்றாகப் போகிறார்கள். முன்னே ஒரு டார்ச் விளக்கு, பின்னே ஒரு டார்ச் விளக்கு. வழி நெடுகப் பேச்சு. பாத்தியில் நின்ற நீரில் விளக்கொளி ஆடிக்கொண்டே வந்தது. பின்னால் விளக்கைப் பிடித்து வந்தவள் என் மாணவி.