உங்களுக்குத் தெரியுமா? அலைச்சறுக்குப் படச் சுவரொட்டிகள்

நெடுங்கேணியில் இருந்து முல்லைத்தீவுக் கடலுக்கு ஒட்டுசுட்டான் தாண்டிப் போகவேண்டும். கடல் இல்லாத ஊரில் அலைச்சறுக்குப் படம் ஓடுமா? ஓடியிருக்கிறது. ‘த எண்ட்லெஸ் சம்மர்’ படத்தை விநியோகிக்க ஆள் கிடைக்காதபோது, இயக்குநர் புரூஸ் பிரவுண் அதை அமெரிக்காவின் நட்டநடுவில் உள்ள விச்சிட்டா நகரில், அதுவும் குளிர்காலத்தில் திரையிட்டார். அரங்கு நிறைந்தது. 1966இல் படம் நாடெங்கும் வெளியானது.

★ அதன் சுவரொட்டியை உருவாக்கியவர் ஜோன் வான் ஹமேர்ஸ்வெல்ட். அப்போது கலைக் கல்லூரி மாணவர். கூலி 150 டொலர். கலிபோர்னியாவின் சோல்ற் கிறீக் கரையில் எடுத்த புகைப்படத்தில் இடைநிறங்களை எல்லாம் நீக்கி, ஆட்களை வெறும் நிழலுருவாக்கினார். மஞ்சள், செம்மஞ்சள், கடும் இளஞ்சிவப்பு என்று கண்ணைக் கூசவைக்கும் மைகள். முன்னால் தலையில் பலகையோடு நிற்பவர் படத்தின் நாயகர்களில் ஒருவர் அல்ல, இயக்குநரேதான்! எங்கள் சினிமாச் சுவரொட்டிகளில் கதாநாயகனின் முகம் பாதித் தாளைப் பிடித்துவிடும். இங்கே ஒருவருக்கும் முகமே இல்லை. இன்றுவரை அது பழசாகாததற்குக் காரணம் அதுதான் என்பேன்.

★ றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் ‘எக்ஸைல் ஒன் மெயின் ஸ்றீற்’ (1972) இசைத்தட்டு உறையை வடிவமைத்தவரும் வான் ஹமேர்ஸ்வெல்ட்தான்.

★ தொடக்கத்தில் அலைச்சறுக்குப் படங்களுக்குத் தியேட்டர் கிடைப்பதில்லை. பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, இயக்குநரே மேடையில் நின்று படத்துக்கு விளக்கம் சொல்வார். சுவரொட்டியைக் கம்பங்களில் அடித்துத் திரிவதும் அவர் பாடுதான். கோயில் திருவிழா நாடகத்துக்கு நோட்டீஸ் ஒட்டியவர்களுக்கு இது விளங்கும்.

★ இன்னொரு அலைச்சறுக்குப் பட இயக்குநரான ஜோன் செவர்சன் தன் படங்களுக்குத் தானே சுவரொட்டி வரைந்தவர். 1960இல் ‘சேர்ஃப் ஃபீவர்’ படத்தின் விளம்பரத்துக்காக அவர் அச்சடித்த சிறு புத்தகமே ‘சேர்ஃபர்’ சஞ்சிகையாக வளர்ந்தது. அதில் ‘மேர்ஃபி’ கேலிச்சித்திரம் வரைந்த றிக் கிறிஃபின், பின்னர் செவர்சனின் ‘பசிபிக் வைப்ரேஷன்ஸ்’ (1970) படத்துக்குச் சுவரொட்டி தீட்டினார்.

★ எங்களுக்கும் ஒரு கடற்படம் உண்டு: செங்கை ஆழியானின் நாவலில் இருந்து வந்த ‘வாடைக்காற்று’ (1978). அதன் சுவரொட்டியோ நோட்டீஸோ உங்கள் வீட்டுப் பெட்டியில் தப்பிக் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மடிக்காமல் தட்டையாக வையுங்கள்; ஈழத்து ஆவணங்களை மின்வடிவாக்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.