கூட்டும் சட்டமும்: தோட்டப்புறச் சீட்டும் 1971ஆம் ஆண்டுத் தடையும்

மலேசியச் சட்டத் தொகுப்பில் 28ஆம் எண்ணைத் தாங்கிய சட்டத்தின் தலைப்பிலேயே ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அதனைக் கூட்டு நிதித் தடைச் சட்டம் எனலாம். ஆங்கிலப் படி ‘கூட்டு’ என்னும் நம் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. மலாய்ப் படியில் அது ‘குத்து’ என ஒலிக்கும். அதே எழுத்துக்கூட்டல் மலாயில் தலைப்பேனையும் குறிக்கும் என்பது தனி வேடிக்கை. சட்டத்தின் விளக்கப் பிரிவைப் புரட்டினால் கூட்டு, சீட்டு, சிட் நிதி, ஹுவெய், தொந்தீன் என ஒரு பொருளுக்கான பல பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஹுவெய் சீனரின் சொல். தொந்தீன் என்பது பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரான லொரென்சோ தொந்தியின் பெயரால் வந்தது. முதல் இரண்டும் நம் வீட்டுச் சொற்கள்.

சொல் நம்முடையதாக இருந்தும், அச்சொல்லைக் குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பது நம்மவருள் பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ‘கூட்டுப் பிடிப்பது குற்றம்’ என்பார் ஒருவர். ‘அக்கம்பக்கத்தில் போடுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை’ என்பார் மற்றொருவர். இரண்டும் பாதி உண்மை. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தொடங்கி வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரை தோட்டங்களிலும் தோட்டம் விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இந்தப் பாதி உண்மைகளால் பணம் இழந்தோர் உண்டு. இழந்த பின் வாய்திறக்க அஞ்சியோரும் உண்டு. ஆகவே இச்சட்டத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

முதலில் கூட்டு இயங்கும் முறை. இருபது பேர் மாதம் நூறு வெள்ளி வீதம் போடுகின்றனர் எனக் கொள்வோம். மாதந்தோறும் சேர்வது 2,000 வெள்ளி. மூன்றாம் மாதத்தில் ஒருத்திக்கு மகளின் பள்ளிச் செலவுக்கோ கூரை மாற்றவோ பணம் உடனே வேண்டும். அவர் 400 வெள்ளியைக் கழித்துக்கொண்டு 1,600 வெள்ளிக்கு ஏலம் கேட்கிறார். நடத்துபவர் தம் கூலியாக 100 வெள்ளி எடுத்துக்கொள்கிறார். எஞ்சிய 300 வெள்ளி இருபது பேருக்கும் பதினைந்து பதினைந்தாகப் பிரிகிறது. அம்மாதம் ஒவ்வொருவரும் 85 வெள்ளி கட்டினால் போதும். எடுத்தவருக்கு அது கடன், எடுக்காதவருக்குச் சேமிப்பு. ஒரே ஏற்பாடு ஒருவருக்கு வங்கியின் வைப்புக் கணக்காகவும் மற்றவருக்கு வங்கிக் கடனாகவும் விளங்குகிறது. விண்ணப்பப் படிவமும் பிணையமும் கேட்காத வங்கி அது.

பிணையம் கேட்கவில்லை என்பதால் பிணையமே இல்லை என்று பொருளன்று. மூன்றாம் மாதத்தில் பணத்தை எடுத்தவர் இன்னும் பதினேழு மாதம் கட்ட வேண்டும். எடுத்த மறுநாளே அவர் ஓடிவிடாமல் காத்தது எது? லயம்தான். எடுத்தவரும் நடத்துபவரும் எடுக்காதவரும் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். ஒரே குழாயில் நீர் பிடித்தனர். ஒரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தனர். ஒரே நாளில், ஒரே அலுவலக வாசலில் சம்பளம் வாங்கினர். யாருக்கு எவ்வளவு வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டத் தவறியவர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. தோட்ட வீடு தொழிலாளியின் சொத்தன்று. அதை ஈடு வைத்து எந்த வங்கியும் கடன் தராது. வங்கி ஏற்க முடியாத அந்த வீடே கூட்டுக்குப் போதிய ஈடாக இருந்தது; அதில் குடியிருப்பவர் எங்கும் போய்விட மாட்டார் என்பதால்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அதன் 3ஆம் பிரிவு தடை செய்வது கூட்டு நிதி நடத்தும் வணிகத்தை. ‘வணிகம்’ என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இன்று அதற்குரிய தண்டனை 500,000 ரிங்கிட் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இத்தனை கடுமை எதற்கு என்று கேட்கலாம். கூட்டு நடத்துபவர் ஒரு வரிசை வீட்டாரை விட்டு வெளியே வந்து, ஒருவரையொருவர் அறியாத நூறு பேரை, ஆயிரம் பேரைச் சேர்த்தால் அவர் நடத்துவது வங்கி. ஆனால் வங்கிக்குள்ள மூலதனம் அவரிடம் இல்லை. இருப்பு வைக்கும் கடமை இல்லை. கணக்கைப் பார்வையிடுவோர் இல்லை. ஒரு கூட்டில் விழுந்த ஓட்டையை மற்றொரு கூட்டின் பணத்தால் அடைத்துக்கொண்டே போகலாம். புதிய ஆள் சேர்வது நிற்கும் நாளில் எல்லாக் கூட்டும் ஒன்றாகச் சரியும். அந்த ஆபத்தை 1971ஆம் ஆண்டுச் சட்டம் சரியாகவே கண்டது.

ஆனால் ஆபத்தைக் கண்ட மற்றவர்கள் எல்லாரும் இதே வழியில் செல்லவில்லை. கேரள அரசு 1969இல், அதாவது நம் தடைக்கு இரண்டாண்டு முன்னரே, சீட்டு நடத்துவதற்கென ஓர் அரசு நிறுவனத்தைத் தொடங்கியது; அது இன்றும் நடக்கிறது. தமிழகம் 1961இலேயே சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் இந்தியா முழுமைக்குமான 1982ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன்படிச் சீட்டைத் தொடங்குமுன் பதிவாளரிடம் பதிய வேண்டும்; நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணைத்தொகை வைக்க வேண்டும்; அவருடைய கூலிக்கு வரம்பு உண்டு. 5 விழுக்காடாக இருந்த அவ்வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 விழுக்காடானது. இத்தனை இருந்தும் அங்கே மோசடிகள் நடக்கின்றன என்பது உண்மை. எனினும் ஏமாந்தவர் சென்று முறையிட ஒரு பதிவாளர் இருக்கிறார். சிங்கப்பூரும் 1971இலேயே சட்டம் செய்தது. உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே நடத்தலாம் என்றது. நம் நாடு தடையைத் தேர்ந்தது. வணிகக் கூட்டு மறைந்தால் போதும் என்று அது கருதியிருக்கலாம். மறைந்தது வணிகக் கூட்டின் பெயர்ப்பலகைதான் என்பது நம் கருத்து.

சேமிப்புக்கு வேறு வழியே இல்லாமல் அரசு மக்களை விட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஊழியர் சேமநிதிக்கான சட்டம் 1951இல் வந்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1974இல் தேசியச் சேமிப்பு வங்கியானது. தோட்டத் துண்டாடலின் கொடுமைக்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நூறு வெள்ளிப் பங்கைத் தவணையில் கட்டித் தொழிலாளர் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆயினர். கூட்டில் பழகிய கைகள்தாம் அந்தத் தவணையையும் கட்டின. ஆனால் அக்காலத்தில் சேமநிதியை முதுமைக்கு முன் எளிதில் எடுக்க முடியவில்லை. சங்கப் பங்கு நாளை மறுநாள் வரும் மருத்துவச் செலவுக்கு உதவாது. அவசரப் பணத்துக்குக் கூட்டு, அது இல்லையேல் வட்டிக்காரர் என்ற நிலையே நீடித்தது.

கூட்டுறவின் பெயரில் இயங்கிய வைப்பு நிறுவனங்களும் அசைக்க முடியாதவை அல்ல என்பது 1986இல் தெரிந்தது. அவ்வாண்டு, வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை அரசு நெருக்கடிக்கால விதிகளின் கீழ் முடக்கியது. சுமார் 588,000 பேரின் பணம் ஏறத்தாழ 150 கோடி ரிங்கிட் அளவில் சிக்கிக்கொண்டது. அச்சங்கங்களில் பெரும்பாலானவை சீன சமூகத்தைச் சார்ந்தவை. ஆனால் பாடம் பொதுவானது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனித்தனிச் சட்டங்களில் இருந்த நிலை மாறி 1989இல் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன; அச்சட்டத்தின் இடத்தை 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் பெற்றது. உரிமமின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது அதன் 137ஆம் பிரிவின்படி குற்றம். மறுபுறம், உறுப்பு வங்கி ஒன்று வீழ்ந்தால் ஒரு வைப்பாளருக்கு 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி உண்டு. இக்காப்பு கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு இல்லை. கூட்டில் போட்ட பணத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

இவ்விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அதே காலத்தில் வட சிலாங்கூரில் வேறொன்று நிகழ்ந்தது. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர், லயங்கள் காலியாயின. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராடியதைப் பலரும் அறிவர். மற்றத் தோட்டத்தார் பெஸ்தாரி ஜெயாவிலும் புக்கிட் ரோத்தானிலும் அதற்கப்பால் ரவாங், கிள்ளான் வரையிலும் சிதறினர். சம்பளமும் இடம் மாறியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2012இல் நடப்புக்கு வந்த திருத்தம், கூலியை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்துவதையே பொது விதியாக்கியது. கூலி காலந்தாழ்ந்ததை, குறைந்ததை நிறுவ அது நல்ல சான்று. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எல்லாரும் ஒரே வாசலில் நின்று சம்பளம் வாங்கிய மாலையும், அம்மாலையின் ஏலமும் அதோடு போயின.

கூட்டு மட்டும் போகவில்லை. அது கைப்பேசிக்குள் ஏறிக்கொண்டது. இன்று ஒரு குழுவில் இருபது பேர் இருந்தால், அவர்களில் பத்துப் பேர் நடத்துபவரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. லயம் தந்த ஈடு இதில் இல்லை. சட்டம் தரும் காப்பும் இல்லை. பழைய கூட்டுக்கு முதல் பாதுகாப்பாவது இருந்தது. வங்கிக்கு இரண்டாவது இருக்கிறது. இதற்கு இரண்டும் இல்லை. பெயர் மட்டும் பழைய பெயர்; ‘நம்ம கூட்டுதானே’ என்று நம்பிக்கையோடு பணம் அனுப்ப அந்தப் பெயரே போதுமானதாகிவிடுகிறது.

வணிகம் எது, அண்டை வீட்டார் உதவி எது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் முடிவு செய்வது நீதிமன்றம். எனினும் சில அடையாளங்களை நாமே காணலாம். நடத்துபவர் கூலி எடுக்கிறாரா? ஒரே நேரத்தில் பல கூட்டு நடத்துகிறாரா? முன்பின் அறியாதவரைச் சேர்க்க விளம்பரம் செய்கிறாரா? ‘ஆயிரம் போட்டால் ஆறு மாதத்தில் இரண்டாயிரம்’ என்கிறாரா? கடைசி வகை கூட்டே அன்று. கூட்டில் போடும் பணம் தானாகப் பெருகுவதில்லை. ஒருவர் விட்டுக்கொடுப்பதே மற்றவருக்கு வருகிறது. விட்டுக்கொடுப்பவர் இல்லாமல் வரும் லாபம் புதிதாகச் சேர்பவரின் முதலிலிருந்து வருகிறது.

பணம் இழந்தவர் புகார் செய்ய அஞ்சுவதற்குக் காரணம், தாமும் குற்றவாளி ஆவோமோ என்னும் எண்ணம். 3ஆம் பிரிவு குறிவைப்பது வணிகமாக நடத்துபவரை. மாதம் நூறு வெள்ளி கட்டிய பெண்ணை அன்று. ஏமாற்றுதல் குற்றவியல் சட்டத்தின் 420ஆம் பிரிவிலும், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடல் 406ஆம் பிரிவிலும் தனியே தண்டிக்கப்படுகின்றன. கூட்டு சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்பதற்காக அவ்விரு குற்றங்களும் இல்லாமற் போய்விடா.

காவல் நிலையத்துக்குச் செல்பவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். அதில் தமிழில் எழுதிய பெயர்களும் தொகைகளும். எந்த மாதம் என்று இருக்கும், எந்த ஆண்டு என்று இராது. ‘செல்வி அக்கா’ என்று இருக்கும், முழுப்பெயர் இராது. ‘எடுத்தாச்சு’ என்று இருக்கும், எவ்வளவுக்கு என்று இராது. எழுதியவருக்கு அது போதும். மலாயில் மொழிபெயர்த்துப் படிக்கப்போகும் விசாரணை அதிகாரிக்குப் போதாது. கூட்டில் சேர்ந்தே தீர்வது என்றிருப்போர் ஒவ்வொரு வரியிலும் முழுத் தேதி, அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், கட்டிய தொகை, எடுத்த தொகை, வாங்கியவரின் கையெழுத்து ஆகிய ஐந்தையும் எழுதி, அப்பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்க. வங்கி வழிப் பணம் அனுப்பினால், குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விடாமல் எந்தக் கூட்டின் எத்தனையாவது மாதம் என்று அதில் எழுதுக.