மூலப்பத்திரம் தேடும் கண்ணாடிக் கற்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் பகுதி ஒரு காலத்தில் மிளகு, சுக்கு, ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்றிருந்தது. இன்று அங்கே மரச்சிற்பங்கள், பித்தளை விளக்குகள், பழைய கடிகாரங்கள் முதலிய அரும்பொருள்களை விற்கும் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அரும்பொருள் சேர்க்கும் ஆர்வம் இக்காலத்தில் கற்களின் மீதும் திரும்பியுள்ளது. ‘விண்கல்’, ‘டெக்டைட்’, ‘மோல்டவைட்’ என்னும் பெயர்களில், குறிப்பாக இணையவழி விற்பனையில், பலவகைக் கற்கள் விலை பேசப்படுகின்றன. இவற்றை வாங்கலாமா, வாங்கினால் முதலீடாகுமா, அடகு வைத்துக் கடன் பெற இயலுமா என்று எங்கள் கிளையில் வினவும் வாடிக்கையாளர்களும் உளர்.

நிலம் வாங்க முனைவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது மூலப்பத்திரம். சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் ஆவணம் அது. இக்கற்களைப் பற்றி அறிவியலாளர்கள் எழுப்பும் வினாவும் அதுவே: இக்கல் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ 200 ஆண்டுகள் நடந்த ஆய்வின் வரலாறு சுவையானது. பணத்தைச் செலவிடுமுன் அறிந்துகொள்ள வேண்டியதும் ஆகும்.

விண்கல் வேறு, டெக்டைட் வேறு

விண்வெளியிலிருந்து வந்து, காற்று மண்டலத்தில் முழுவதும் எரிந்துபோகாமல் தரையில் விழும் கல்லே விண்கல். பெரும்பாலானவை சிறுகோள்களிலிருந்து உடைந்து பிரிந்த துண்டுகள். கேரளத்தில் 1914ஆம் ஆண்டு குற்றிப்புரத்திலும், 1917ஆம் ஆண்டு கொச்சிக்கு வடக்கேயுள்ள கொடுங்ஙல்லூரிலும் விண்கற்கள் விழுந்துள்ளன. கொடுங்ஙல்லூர்க் கல் அவ்வூரின் ஆங்கிலேயர் காலப் பெயரான ‘கிராங்கனூர்’ என்பதாலேயே உலகப் பட்டியல்களில் வழங்குகிறது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்த கல் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டது.

புதிதாக விழுந்த விண்கல்லின் மேற்புறம் காற்று மண்டலத்தில் நுழையும்போது எழும் வெப்பத்தால் உருகி, மெல்லிய கரிய தோலாக உறைந்திருக்கும். உள்ளே நிக்கல் கலந்த இரும்புத் துகள்கள் இருப்பதால் பெரும்பாலான விண்கற்களைக் காந்தம் ஈர்க்கும்.

டெக்டைட்டில் இவை எவையும் இல்லை. அது கண்ணாடி. மனிதன் செய்யாத, இயற்கையாக அமைந்த கண்ணாடி. கருமையாகவோ, பழுப்பாகவோ, மோல்டவைட் என்னும் வகையில் பச்சையாகவோ இருக்கும். துளி, உருண்டை, உடுக்கை, பொத்தான் போன்ற வடிவங்களில் கிடைக்கும். ‘உருகிய’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1900ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஆஸ்திரிய நிலவியலாளர் பிரான்ஸ் எட்வர்ட் சூஸ். நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலப்பகுதியை ஒட்டிப் பழங்கண்டத்துக்குக் ‘கோண்டுவானா’ எனப் பெயரிட்ட எட்வர்ட் சூஸ் இவருடைய தந்தையார்.

எரிமலையா, நிலவா, பூமியா?

ஆஸ்திரேலியாவில் தமக்குக் கிடைத்த பொத்தான் வடிவக் கல் ஒன்றை 1844ஆம் ஆண்டு நூலில் விவரித்த சார்லஸ் டார்வின், அது எரிமலை உமிழ்ந்த கண்ணாடி என்றே கருதினார். ஆயினும் அத்தகைய கற்கள் கிடைத்த இடங்களுக்கு அருகில் எரிமலைகள் இல்லை. மேலும், எரிமலைக் கண்ணாடியில் ஓரளவு நீர் கலந்திருக்கும். டெக்டைட்டிலோ நீரின் பங்கு எடையில் 0.02 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மிகக் கடுமையான வெப்பத்தில் உருகியிருந்தாலன்றி இவ்வளவு வறட்சி ஏற்படாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இவை நிலவிலிருந்து தெறித்து வந்தவை என்னும் கருத்து வலுப்பெற்றது. நாசாவின் டீன் சாப்மன் அதிவேகக் காற்றுக் குழாயில் கண்ணாடி உருண்டைகளை வைத்துச் சோதித்து, ஆஸ்திரேலியப் பொத்தான் கற்களின் விளிம்பு வடிவத்தை அப்படியே உருவாக்கிக் காட்டினார். உறைந்த கண்ணாடி மிகுந்த வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைந்து, முன்புறம் மட்டும் மீண்டும் உருகியிருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் அது நிலவிலிருந்து புறப்பட்டது என்பதற்கு அது சான்றாகவில்லை. 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த நிலவுக் கற்களின் வேதிச் சேர்க்கை டெக்டைட்டுடன் ஒத்துப்போகவில்லை. டெக்டைட்டின் சேர்க்கை பூமியின் மணற்கல், களிமண் ஆகிய படிவுகளையே ஒத்திருந்தது.

தீர்ப்பை நிலைநாட்டியது பெரிலியம்-10 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு. இது காற்று மண்டலத்தில் உருவாகி, மழையோடு இறங்கி, மேல்மண்ணில் சேர்வது. ஆஸ்திரேலிய, ஆசிய டெக்டைட்டுகளில் இது மேல்மண்ணுக்குரிய அளவில் இருப்பது 1982இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆக, உருகியது நம் நிலத்தின் மேற்பரப்பே.

நிகழ்ந்ததை இவ்வாறு கூறலாம். பெரிய விண்பொருள் ஒன்று தரையில் மோதுகிறது. தொடுகின்ற முதல் நொடியிலேயே மேல்மண் உருகி, மோதலின் விசையால் காற்று மண்டலத்தையும் தாண்டி வீசப்படுகிறது. பறக்கும்போதே துளிகளாகக் குளிர்ந்து உறைந்து, நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. விண்ணிலிருந்து விழுந்தது உண்மை. ஆனால் அது விண்ணுக்குரிய கல் அன்று.

நான்கு களங்கள், மூன்று பள்ளங்கள்

டெக்டைட்டுகள் சிதறிக் கிடக்கும் நிலப்பரப்புகளுள் நீண்ட காலமாக ஆராயப்பட்டவை நான்கு. வட அமெரிக்கக் களத்துக்கு மூலம் செசபீக் விரிகுடாவின் அடியில் புதைந்துள்ள பள்ளம். வயது சுமார் 3.5 கோடி ஆண்டுகள். செக் நாட்டு மோல்டவைட்டுக்கு மூலம் ஜெர்மனியில் 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ரீஸ் பள்ளம். வயது சுமார் 1.48 கோடி ஆண்டுகள். ஐவரி கோஸ்ட் கற்களுக்கு மூலம் கானா நாட்டின் போசும்ட்வி ஏரிப் பள்ளம். வயது சுமார் 10.7 இலட்சம் ஆண்டுகள்.

நான்காவது ஆஸ்திரேலிய–ஆசியக் களம். தென் சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா எனப் பரவி, பூமிப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் விரிந்துள்ளது. வயது சுமார் 7.9 இலட்சம் ஆண்டுகளே. நான்கிலும் பெரியது, இளையது. ஆயினும் இதன் பள்ளம் மட்டும் இன்னும் ஐயமறக் கண்டறியப்படவில்லை. தெற்கு லாவோஸின் பொலவென் பீடபூமியில் எரிமலைக் குழம்புக்கு அடியில் அது மறைந்திருக்கலாம் என 2020இல் ஓர் ஆய்வுக் குழு முன்மொழிந்தது. வேறு இடங்களைக் கூறுவோரும் உள்ளனர்.

இத்தேடலில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டு, கொச்சியிலும் மண்டல மையம் நடத்தும் தேசியக் கடலியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள், மத்திய இந்தியப் பெருங்கடலின் அடிமண்ணிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்டெக்டைட்டுகளைப் பிரித்தெடுத்துள்ளனர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை துகள்கள் விழுந்துள்ளன என எண்ணினால், மூலத்தை நெருங்க நெருங்க எண்ணிக்கை கூடும். கடலெங்கும் எடுத்த இத்தகைய கணக்குகள் இந்தோசீனப் பகுதியையே சுட்டுகின்றன.

இரிடியத்தின் பெயரால்

பள்ளத்தைத் தேடுவோர் துணைகொள்ளும் மற்றொரு சான்று இரிடியம். பூமியின் மேலோட்டில் மிக அரிதான இவ்வுலோகம், விண்கற்களில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. எனவே பழைய மண்ணடுக்கில் இரிடியம் கூடுதலாக இருந்தால், அங்கே விண்பொருள் மோதியதன் அடையாளமாகக் கொள்வர். அந்தக் ‘கூடுதல்’ எவ்வளவு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சாதாரணக் கல்வகை விண்கற்களிலேயே ஒரு டன்னில் அரை கிராம் அளவுக்குத்தான் இரிடியம் இருக்கும்.

இப்பெயரைக் கொண்டே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல குடும்பங்கள் சேமிப்பை இழந்துள்ளன. இடி விழுந்த கலசம் இரிடியமாக மாறியது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டு நிறுவனம் பல கோடிக்கு வாங்கும் என்பது மோசடிக்காரர் கூறும் கதை. ரிசர்வ் வங்கியின் முத்திரையிட்ட போலிக் கடிதங்களும் காட்டப்படுகின்றன. இடியால் செம்பு இரிடியமாகாது. இரிடியம் அரிசியை இழுக்காது. ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு நடத்துவதும் இல்லை.

வாடிக்கையாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டியவை

1. விண்கல், டெக்டைட் ஆகியவற்றை ஈடாகக் கொண்டு எங்கள் வங்கி கடன் வழங்குவதில்லை. நகைக் கடனிலும் பதிந்துள்ள கற்களின் எடையைக் கழித்தே தங்கத்தின் மதிப்பைக் கணக்கிடுகிறோம்.

2. தாய்லாந்து, வியட்நாம் பகுதிக் கருநிற டெக்டைட்டுகள் பெருமளவில் கிடைப்பவை. ‘உலகில் அரியது’ என்று கூறி மிகுவிலை கேட்டால் ஐயுறுக.

3. மோல்டவைட் என்ற பெயரில் வார்ப்புப் பச்சைக் கண்ணாடி ஏராளமாக விற்கப்படுகிறது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் பல கற்கள் இருந்தால், அவை வார்க்கப்பட்டவையே.

4. கல் கண்டெடுக்கப்பட்ட இடம், கைமாறிய விவரம், ஆய்வக அறிக்கை, விலைச்சீட்டு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுக. வெறும் ‘உத்தரவாதச் சான்றிதழ்’ இவற்றுக்கு ஈடாகாது.

5. இந்தியாவில் விழும் விண்கற்களைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்தது. கல் விழக் கண்டால் அதைக் கழுவாமல், உடைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

6. இணையவழியில் பணம் இழந்திருந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் உடனே அறிவியுங்கள்.

அழகுக்காகவோ, பிள்ளைகளின் கல்வி ஆர்வத்துக்காகவோ சிறு தொகைக்கு டெக்டைட் ஒன்றை வாங்கி வைப்பதில் தவறில்லை. நம் பூமியே உருகிப் பறந்து திரும்பி வந்ததன் சாட்சி அது. ஆனால் அதனை முதலீடு என்று யாரேனும் கூறினால், பணத்தை எடுக்குமுன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள். மேற்கண்ட ஆவணங்களை உங்களுடன் அமர்ந்து பார்த்துத் தர எங்கள் அலுவலர்கள் ஆயத்தமாக உள்ளனர்.