அணு உலையில் வெடிப்பது எது?

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரிடம் அசல் சரிகை எது என்று கேட்டால் விளக்கமாகச் சொல்லுவார்: உள்ளே பட்டு இழை, அதன்மேல் வெள்ளிச் சுற்று, அதற்கும் மேலே பொன் முலாம். அவ்வூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் உறைதான் முக்கியம். உள்ளே யுரேனிய வில்லைகள். மேலே சிர்க்கோனியக் கலப்பு உலோகக் குழாய்.

அணுவைப் பிளக்கும் நியூட்ரான்களை சிர்க்கோனியம் அதிகம் விழுங்குவதில்லை. அதற்காகவே உலகெங்கும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. தண்ணீர் வற்றி, உறையின் உஷ்ணம் 1,200 டிகிரி செண்டிகிரேடை எட்டிவிட்டால், சுற்றியுள்ள நீராவியிலிருந்து பிராணவாயுவை அது மளமளவென்று பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது ஹைட்ரஜன் வாயு. அந்தச் சேர்க்கையிலேயே உஷ்ணம் பிறப்பதால், காரியம் தானாகவே வேகம் பிடிக்கும். ஒரு கிலோ சிர்க்கோனியம் (ஒரு கனத்த கல்யாணப் புடவையின் எடைதான்!) முழுவதும் இப்படி மாறினால் சுமார் 490 லிட்டர் ஹைட்ரஜன் கிளம்பும். உலைக்குள் இருப்பதோ டன் கணக்கில். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே இவ்வாயு தீப்பற்றும்.

ஹைட்ரஜன் குண்டு வேறு, இது வேறு. அங்கே அணுக்கருக்கள் இணைகின்றன. இங்கே நடப்பது ரசாயன எரிதல். இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்படுவோர் இன்றும் உண்டு.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் பூமி அதிர்ந்த உடனேயே, ஓடிக்கொண்டிருந்த உலைகள் நின்றுவிட்டன. பின் ஏன் விபத்து? அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டாலும் தணல் இருக்குமல்லவா? அதுபோல, பிளவில் உண்டான பொருள்கள் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். பேரலை டீசல் யந்திரங்களை மூழ்கடித்தது, பம்புகள் ஓய்ந்தன, தண்ணீர் வற்றியது. 12-ந் தேதி முதலாவது உலைக் கட்டிடமும், 14-ந் தேதி மூன்றாவதும் வெடித்தன. 15-ந் தேதி நான்காவது! அந்த நான்காவது உலையிலோ அப்போது எரிபொருளே கிடையாது. மூன்றாவதிலிருந்து கிளம்பிய வாயு, இரண்டுக்கும் பொதுவாக இருந்த குழாய்கள் வழியே அங்கே புகுந்திருந்தது.

இது நமக்குத் தூர தேசத்துக் கதை அல்ல. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி கல்பாக்கத்துக்கு வந்துவிட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பலியாயின. நிலையத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை உடனே நிறுத்தினார்கள். பம்புகள் மூழ்கின, ஆனால் மின்சாரம் அறவே போகவில்லை, உலையின் குளிர்விப்பும் அற்றுப்போகவில்லை. ஆகவே உறை பழுக்கக் காயவில்லை, ஹைட்ரஜன் பிறக்கவில்லை. புகுஷிமாவில் எழுந்த அளவுக்கு அலை இங்கே எழவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

மின்சாரமும் போய்விட்டால்? அதற்கும் ஓர் உபாயம் உண்டு. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகம் பூசிய தகடுகளை உலைக் கட்டிடத்துக்குள் பொருத்துகிறார்கள். ஹைட்ரஜன் அவற்றைத் தொட்டதும் பிராணவாயுவுடன் கூடி, வெடிக்காமல் நீராவியாகிவிடும். மின்சாரமும் வேண்டாம், விசையைத் திருப்ப ஆளும் வேண்டாம். கூடங்குளத்தில் இத்தகைய சாதனங்கள் உண்டு. ஆனால் ஒரு தகடு ஒரு மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய வாயுவுக்கு ஓர் அளவு இருக்கிறது. உறையிலிருந்து கிளம்பும் வாயு அதை மிஞ்சாதிருக்க, உலையில் முதலில் தண்ணீர் நிற்க வேண்டும்.