இருபது டப்பா வேண்டாம், ஐந்து போதும்: சிறு டீக்கடைக்கு இலைத் தேயிலை தேர்வு

கோவையில் சிறிய டீக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார். துணிப்பையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். மொத்தம் இருபது. ரோஜா மணம், மாம்பழ மணம், சாக்லேட் மணம் என்று பெயர்கள். "வித்தியாசமான டீ கொடுத்தா கடை பேசப்படும்னு நினைச்சு வாங்கினேன் சார். எட்டு மாசம் ஆச்சு, பாதிகூடத் தீரலை. இப்ப வாசனையும் போயிடுச்சு" என்றார்.

பேச்சினூடே இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய அப்பாவுக்குக் கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா பறிக்கும் பச்சைத் தேயிலை கிலோ கணக்கில் தொழிற்சாலைக்குப் போகிறது. மகனோ, செயற்கை மணம் ஏற்றிய தேயிலைக்குக் கடன் வாங்கிப் பணம் போட்டிருக்கிறார். நல்ல இலைத் தேயிலையைத் தேர்வு செய்யத் தெரிந்தால் கடைக்கும் தோட்டத்துக்கும் பயன் உண்டு.

செடி ஒன்று, தேயிலை பல

கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை, ஊலாங், கருப்புத் தேயிலை எல்லாமே 'கமெலியா சைனென்சிஸ்' என்ற ஒரே செடியின் கொழுந்துதான். பெரும்பாலான வேறுபாடு பறித்த பிறகு வருகிறது. கொழுந்தைச் சீக்கிரமே சூடாக்கி, இலையிலுள்ள நொதிகளைச் செயலிழக்கச் செய்தால் கிரீன் டீ. இளம் மொட்டுகளை வாடவைத்து, உருட்டாமல் உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. உருட்டி, முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைய விட்டால் கருப்பு. பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங்.

நம் டீக்கடைகளில் கொதிப்பது பெரும்பாலும் சிடிசி தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளை இயந்திரத்தில் தயாராவது. சீக்கிரம் நிறம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். இலையைத் தூளாக்காமல் உருட்டும் பழைய முறைக்கு 'ஆர்தடாக்ஸ்' என்று பெயர். மென்மையான மணத்தை இதில்தான் எதிர்பார்க்கலாம்.

எந்த ஐந்து?

1. நீலகிரி குளிர்காலத் தேயிலை: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரிலும் வறட்சியிலும் கொழுந்து மெதுவாக வளரும். விளைச்சல் குறையும், மணம் கூடும். இதை 'ஃப்ராஸ்ட் டீ' என்பார்கள். உறைபனியில் கருகிய இலை என்று நினைக்க வேண்டாம். கருகிய இலை எதற்கும் ஆகாது.

2. கிரீன் டீ: நீலகிரியிலேயே கிடைக்கும். இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா தேயிலையையும் பார்க்கலாம். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் நட்டது சிறிய இலை கொண்ட சீன வகை. 1905 நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்த அந்தத் தொழில், இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது.

3. டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு: மே, ஜூன் மாதங்களில் வருவது. பழுத்த திராட்சையை நினைவூட்டும் மணம் இதற்கு உண்டு. தத்துப்பூச்சியும் இலைப்பேனும் சாறு உறிஞ்சும்போது செடி காட்டும் எதிர்வினை இந்த மணத்துக்கு ஒரு முக்கியக் காரணம். பூச்சியை அடியோடு ஒழிக்க மருந்து அடிக்கும் தோட்டத்தில் இந்த மணத்தை எதிர்பார்க்க முடியாது.

4. ஊலாங்: ஒரே இலையில் இரண்டு, மூன்று முறை வடிக்கலாம்.

5. வெள்ளைத் தேயிலை: விலை அதிகம். மொட்டு மட்டும் பறிப்பதால் கூலி கூடுகிறது. மிகக் குறைவாக வாங்கி வைத்தால் போதும்.

வாங்கும் முன் சோதனை

முதல் முறை 50 அல்லது 100 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். எந்த மாதம் பறித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். இலையை விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். துவண்டால் ஈரம் ஏறியிருக்கிறது.

100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் இலை. எல்லா மாதிரிக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. பால், சர்க்கரை சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். பால் பல குறைகளை மறைத்துவிடும். வடித்த இலையைத் தட்டில் விரித்தால் முழு இலையா, காம்பும் நொறுங்கலுமா என்பது தெரிந்துவிடும்.

சாயக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க, வடிதாளில் தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு இலையைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பாருங்கள். அடர்ந்த சாயக்கறை இருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

தேயிலை ஈரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொள்ளும். ஏலக்காய், சுக்கு இருக்கும் அலமாரியிலும் பாய்லர் பக்கத்திலும் வைக்கக் கூடாது. கண்ணாடி ஜாடி பார்க்க அழகு. ஆனால் வெளிச்சம் பட்டால் தேயிலை கெடும். இறுக மூடும் தகர டப்பாவே நல்லது.

கருப்புத் தேயிலைக்குக் கொதிநீர் ஏற்றது. கிரீன் டீக்கு 80 டிகிரிக்கு மேல் போனால் கசக்கும். பாய்லர் தண்ணீரை இரண்டு டம்ளரில் மாற்றி ஆற்றிவிட்டு ஊற்றுங்கள். நம் டீ மாஸ்டருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுப்படியாகுமா?

100 மில்லி கப்புக்கு 2 கிராம் என்றால் ஒரு கிலோவில் 500 கப். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கப்புக்கு இலைச் செலவு 4 ரூபாய். சிடிசி தூளைவிட இது அதிகம்தான். ஆனால் இதில் பால் செலவு இல்லை.

தோட்டத்துக் கணக்கையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தால் எடை குறையும், கூலி கூடும். உருட்டுவதும் உலர்த்துவதும் பழகாமல் வராது. முதல் சில முறை வீணாகும். விற்பனைக்குத் தயாரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். அதனால் தொழிற்சாலைக்கு இலை கொடுப்பதை நிறுத்த வேண்டாம். நான்கு வரிசைச் செடியை மட்டும் ஒதுக்கிப் பாருங்கள் என்றேன். குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் மையத்தில் ஆலோசனை கேட்கவும் சொன்னேன்.

அன்று மாலையே அப்பாவிடம் பேசியதாக இளைஞர் போனில் சொன்னார். "நாற்பது வருஷமா கொழுந்து பறிக்கறேன், என் தோட்டத்து டீயை நான் குடிச்சதே இல்லடா" என்றாராம் அப்பா. வரும் டிசம்பரில் அந்த நான்கு வரிசையைப் பறிக்கப் போகிறார்கள். முதல் கப் அவருக்குத்தான்.