பக்கத்து மிஷின்காரியும் பாவாடை டக்கும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஷிஃப்டில் நான் இரண்டு தடவைதான் பாத்ரூம் போகிறேன். பக்கத்து மிஷின்காரி மணிக்கொரு தடவை எழுந்துவிடுகிறாள். யாருக்குக் கோளாறு?”

அநேகமாக இருவருக்கும் இல்லை. ஆரோக்கியமான பெண் பகலில் ஏழெட்டுத் தடவை வரை போகலாம். இரவில் ஒரு தடவை எழுந்தாலும் தப்பில்லை. வேலூர்ப் பக்கத்து வெயிலில் வியர்வையாகவே நிறையப் போய்விடுவதால் தடவை குறையும். குடிக்கும் தண்ணீருக்கு எல்லோருக்கும் ஒரே லிட்டர் கணக்கு என்று வாட்ஸ்அப்பில் வருவதை யார் உடம்பைப் பார்த்துப் போட்டார்கள் என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

எனக்கு வியப்பு எண்ணிக்கையில் இல்லை. சிறுநீர்ப்பையில் 300 மில்லி சேர்ந்த பிறகும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை! சுவர்த் தசை தளர்ந்து கொடுக்கிறது என்பது பாதிக் கதை. உட்பக்கம் ‘குடைச் செல்கள்’ என்று ஒரு வரிசை உண்டு. அவற்றுக்குள் உபரிச் சவ்வு குட்டிக் குட்டித் தட்டுகளாக அடுக்கியிருக்கும். பை நிறைய நிறைய அவை மேலே வந்து ஒட்டிக்கொள்ள, செல்லின் முகம் விரிகிறது. வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும் டெய்லர் டக் பிடித்துவைப்பாரே, அதுதான். அங்கே வருஷத்துக்கு ஒரு டக் பிரிப்பார்கள். இங்கே மூன்று நான்கு மணி நேரத்தில் எல்லா டக்கும் பிரிந்து, காலியான உடனே திரும்பத் தைக்கப்படுகிறது. நைந்த துணியை அரைத்துவிட்டுப் புதுத் துணி நெய்வதும் இதே டெய்லர்தான். கூலி கிடையாது, தீபாவளி போனஸும் கிடையாது.

பை விரிவதை நரம்புக்குச் சொல்வதில் பியெசோ2 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. அதைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு. பிறவியிலேயே இது வேலை செய்யாதவர்களில் சிலர் பை நிறைவதே தெரியாமல் கடிகாரம் பார்த்துப் போகிறார்கள்.

வரலாறும் வேண்டுமென்றால்: சிறுநீர் கழிப்பதற்கென்றே மூளைத் தண்டில் ஒரு மையம் இருப்பதைப் பூனைகளிடம் பாரிங்டன் என்பவர் 1925இல் காட்டினார். முதுகுத்தண்டு மோசமாக அடிபட்டால் அந்த மையத்தோடு தொடர்பே அறுந்துவிடும். சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் வழிநடத்த, வேலூர் சி.எம்.சி. 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு இப்படிப்பட்டவர்களே நிறைய வந்தார்கள். இப்படி அடிபட்டவர்களில் பலருக்கு வேளைக்கு வேளை டியூப் போட்டுத்தான் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும்.

வாசகிக்கு: தடவையை எண்ண வேண்டாம், அளவுக் கப்பில் மூன்று நாள் அளந்து எழுதும்படி அவளிடம் சொல்லுங்கள். பக்கத்து மிஷின்காரிக்கு ஒவ்வொரு தடவையும் 250 மில்லி வந்தால், தண்ணீரோ டீயோ அதிகம், சர்க்கரையும் பார்த்துவிடலாம். வெறும் 50 மில்லிக்கே அவசரப்படுத்தினால் பையின் தொல்லை. உங்களுடைய இரண்டு தடவை, சூப்பர்வைசருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வந்த இரண்டா? நிறம் கடும் மஞ்சளாக இருந்தால் ஆமாம் என்றே வைத்துக்கொள்ளலாம். எரிச்சலும் சேர்ந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.